மந்தையை விட்டு விலகிய வார்த்தை

"வாட்சைக் கழட்டி வச்சிட்டா உன் புருஷன் போனாரு?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்த நாகவல்லி தலையாட்டினாள். "வாட்ச்சு, ரேஷன் கார்டு, பீரோ சாவி. மூணையும் சாமி படத்தாண்ட வச்சிட்டு, 'அய்யாசாமி அண்ணனப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்'னு சொல்லிட்டுப் போனாரும்மா. இன்னியோட ஆறு நாளு. அவரக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவாரோன்னு பயமாக் கீது."

ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றிருந்த துலுக்கானம் நிமிர்ந்தான். வழக்கமாக இந்த மாடி அறைக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி வருவார்கள். கொலையைத் தடுக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. பூந்தமல்லி கோர்ட்டில் பத்தொன்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, ஒரு நாள் ராஜினாமா கடிதத்தை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் வசந்தகுமாரி. 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டி நாலு வருடம் ஆகிறது. துலுக்கானத்துக்குச் சொந்தமாக ஆட்டோ உண்டு. பாதி நாள் சவாரி, பாதி நாள் துப்பு. இரண்டிலும் சந்து பொந்தெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

"மொதல்லேருந்து சொல்லும்மா," என்றான் துலுக்கானம்.

நாகவல்லி சொன்னாள். அவள் புருஷன் வேலுசாமி, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். ஜூலை பதினெட்டாம் தேதி உருக்கிய இரும்பு நிறைந்த பெரிய வாளியைக் கிரேன் தூக்கிக்கொண்டு போகும்போது கம்பிக் கயிறு நழுவி வாளி சாய்ந்தது. சம்பத் என்ற தொழிலாளி செத்துப் போனான். வேலுசாமியோடு ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவன். விபத்தை முழுதாகப் பார்த்தவர் ஃபோர்மேன் அய்யாசாமி ஒருவர்தான். அவர் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் கம்பெனி வேலுசாமியை டிஸ்மிஸ் செய்தது.

"விசாரணை என்னைக்கு நடந்தது?"

"ஆகஸ்டு இருபத்தி மூணும்மா. விசாரணை அதிகாரி அந்த ரிப்போர்ட்டத் தமிழ்ல சொன்னாராம், வேலுசாமியோட நடத்த படுமோசம்னு. 'இது நீங்க எழுதுனதுதானே'ன்னு அய்யாசாமி அண்ணனக் கேட்டதுக்கு, ஆமான்னாராம். அத்தோட சரி. இவரு வந்து கைய கழுவிக்கினே இருந்தாரு. சோறு எறங்கல. போன வாரம் டிஸ்மிஸ் ஆர்டர் வந்துது. மறுநாள் கெளம்பிட்டாரு."

"அய்யாசாமி இப்ப எங்க?"

"ஆகஸ்டு கடைசீல ரிடையர் ஆயி, குமணன்சாவடி ஊட்டக் காலி பண்ணிட்டாரு. எங்க போனாருன்னு கம்பெனில ஒருத்தருக்கும் தெரியல."

அவள் நீட்டிய ஜெராக்ஸ் தாளை வசந்தகுமாரி வாங்கிப் படித்தாள். பிறகு இன்னொரு முறை, உதடு அசையப் படித்தாள். துலுக்கானத்துக்கு அந்த உதடசைவு தெரியும். ஏதோ இடிக்கிறது.

"மேலே எல்லாம் தேதி, நேரம், கயிறு நழுவினது, சம்பத் செத்தது. வேலுசாமியைப் பத்திக் கடைசிப் பாராவுல மூணே வரி," என்றாள். "'அன்று வேலுசாமியின் நடத்தை எக்ரீஜியஸ். என் முப்பத்தொரு வருட சர்வீஸில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நிர்வாகம் அவருக்கு உரியதைத் தவறாமல் வழங்க வேண்டும்.'"

"அது இன்னாக்கா, எக்கிரீசு?"

மேஜை மேல் இருந்த கையடக்க அகராதியை அவள் புரட்டினாள். "வெட்கக்கேடான, படுமோசமான. விசாரணை அதிகாரி தப்பாச் சொல்லலை."

நாகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு மத்ததைக் கேளு, துலுக்கானம். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உரியதை வழங்க வேண்டும். இது எப்படித் தெரியுது உனக்கு?"

துலுக்கானம் யோசித்தான். "மால போடவும் சொல்லலாம். மாவுக்கட்டு போடவும் சொல்லலாம்."

"அதான் எனக்கும் இடிக்குது." வசந்தகுமாரி எழுந்து பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய அகராதியைத் தூக்கினாள். கோர்ட் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது எடைக்கு வாங்கியது. பக்கங்களை விரலால் தள்ளி, ஒரு இடத்தில் நின்றாள். அங்கே அரைப் பக்கத்துக்குப் பொடி எழுத்து.

"லத்தீன்ல க்ரெக்ஸ்னா மந்தை. முன்னாடி 'எ' வந்தா வெளியேன்னு அர்த்தம். சர்ச்சுல கூடற ஜனங்களைக் கான்கிரிகேஷன்னு சொல்றாங்களே, அதுக்குள்ளேயும் இதே மந்தைதான். அது மந்தையாச் சேர்றது. இது மந்தையை விட்டு விலகி நிக்கறது."

"மந்தைய வுட்டு வெலகி நின்னா ஒண்ணு ராஜா, இல்ல பிரியாணி."

வசந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "அதேதான் நடந்திருக்கு. முதல்ல ராஜா. நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் இதைப் புகழ்ச்சியாத்தான் சொல்லியிருக்கான். கூட்டத்துல தனிச்சுத் தெரியறவன்னு. அப்புறம் கிண்டலாச் சொல்ல ஆரம்பிச்சான். கிண்டலே நிலைச்சு, புகழ்ச்சி செத்துப் போச்சு."

"நம்ம ஊர்ல 'நீ பெரிய ஆளுப்பா'ன்னு சொல்றாப்பல."

"நாற்றம்னா தமிழ்ல ஒரு காலத்துல நல்ல வாசனை, தெரியுமா?"

"இப்ப யாராண்டயாவது சொல்லிப் பாரு, பல்லு இருக்காது."

"அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா?" அவள் அகராதியை மூடினாள். "வார்த்தையைப் பழைய புஸ்தகத்துல மட்டும் படிச்சவர். யார் வாயிலேயும் கேட்டறியாதவர். அவர் அதைப் புகழ்ச்சின்னு நினைச்சு எழுதியிருந்தா?"

கீழே சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கும் சத்தம் கேட்டது.

"அது வெறும் நெனப்புக்கா," என்றான் துலுக்கானம் மெதுவாக. "நிரூபிக்கறது எப்படி?"

அவள் ரிப்போர்ட்டின் அடியில், இடது மூலையைக் காட்டினாள். இரண்டு எழுத்து, இரண்டு பக்கமும் புள்ளி. "டைப் அடிச்சவங்க இனிஷியல். இப்படி ரெண்டு பக்கமும் புள்ளி வைக்கறது ஒருத்திதான். கெங்கம்மாள். கோர்ட் வாசல்ல மிஷினோட உக்காந்திருந்தவ, இப்ப குமணன்சாவடியில கடை வச்சிருக்கா. வண்டியை எடு."

நாகவல்லியை வீட்டில் போய் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மணி பதினொன்று. ஐப்பசி மழை விட்டிருந்தது, ஆனால் ரோடு விடவில்லை. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய பாதையில் பள்ளம் எது, குட்டை எது என்று தெரியாமல் துலுக்கானம் நெளித்து நெளித்து ஓட்டினான்.

குமணன்சாவடி ஜங்ஷனில் பெங்களூர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் இடையில் அரைக் கடை. இரண்டு டைப்ரைட்டர், ஒரு ஆள். கெங்கம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"கோர்ட்டம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

வசந்தகுமாரி ரிப்போர்ட்டைக் காட்டினாள். கெங்கம்மாள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"எக்ரீஜியஸ்காரரா. நம்ம கஷ்டமருதான், பன்னண்டு வருசமா. எழுதிக்கினு வருவாரு, நான் அடிச்சுக் குடுப்பேன். எதுக்கெடுத்தாலும் அந்த ஒரு வார்த்தயப் போடாம அவருக்கு லெட்டரு முடியாது."

"காப்பி வச்சிருக்கியா?"

"வைக்காம? எல்லாரும் அடுத்த வாட்டி வந்து, போன வாட்டி மாதிரியே அடின்றாங்க."

அட்டைப் பெட்டிகளிலிருந்து கார்பன் நகல்கள் வெளியே வந்தன. வசந்தகுமாரி ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, துலுக்கானத்துக்காகத் தமிழில் சொன்னாள். எண்பத்தொன்றில் மகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பிரிவுபசாரப் பத்திரம்: எங்கள் எக்ரீஜியஸ் தலைமையாசிரியர் அவர்களே. எண்பத்து நாலில் மனைவிக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு நன்றிக் கடிதம்: தங்களது எக்ரீஜியஸ் சிகிச்சை.

"டாக்டரு ஊசி போட்டுக் கொல்லாம வுட்டாரே," என்றான் துலுக்கானம். "தலைமையாசிரியரு இன்னா சொன்னாராம்?"

"ஃபிரேமு போட்டு மாட்டிக்கினாராம்," என்றாள் கெங்கம்மாள்.

துலுக்கானம் வாய்விட்டுச் சிரித்தான். இவ்வளவுதானா விஷயம்? மனுஷன் நல்லதுதான் எழுதியிருக்கிறான். இந்த நகல்களைக் கொண்டுபோய்க் கம்பெனியில் காட்டினால் முடிந்தது.

வசந்தகுமாரி சிரிக்கவில்லை. கடைசி இரண்டு நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ரெண்டும் ஒரே லெட்டர். எதுக்கு ரெண்டு தரம் அடிச்சே?"

"அதுவா. ரிடையர் ஆவறதுக்கு முன்னால மேனேஜருக்கு நன்றி சொல்லி எழுதுனது. ஆகஸ்டு பத்தொம்போதாந்தேதி அடிச்சுக் குடுத்தேன். எங்கள் எக்ரீஜியஸ் மேனேஜர்னு போட்டிருந்தாரு. அப்பால இருவத்தி நாலாந்தேதி காலீல, நான் கட தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுகினு கீறாரு. மூஞ்சில ரத்தமே இல்ல. 'அந்த ஒரு வார்த்தய மாத்திடும்மா'ன்னாரு. மரியாதைக்குரியன்னு வேற வார்த்த போட்டு, மொத்தத் தாளயும் திரும்ப அடிச்சேன்."

வசந்தகுமாரி அந்த இரண்டு நகலையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "அவர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"பருத்திப்பட்டு ஏரியாண்ட, தனியா. பென்ஷன் ஃபாரம் அடிக்கறதுக்கு அட்ரஸ் குடுத்தாரு." கெங்கம்மாள் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். "நேத்து சாயங்காலம் ஒருத்தரு கட கடையா விசாரிச்சுகினு வந்து இதே அட்ரஸ் கேட்டாரு. குடுத்தேன்."

துலுக்கானத்தின் சிரிப்பு நின்றது. "எப்படி இருந்தாரு?"

"ஒரு வாரத் தாடி. தோள்ல துணிப் பை. தண்ணி வோணுமான்னு கேட்டேன், பதிலே இல்ல."

ஆட்டோ பூந்தமல்லி தாண்டி ஆவடி சாலையில் திரும்பியதும் துலுக்கானம் ஆக்சிலேட்டரை முறுக்கினான். "நேத்து சாயங்காலமே அட்ரஸ் கெடச்சிடுச்சிக்கா. இந்நேரம் அவன் குத்தியிருந்தான்னா?"

"துலுக்கானம், ஒருத்தனைக் கொல்லப் போறவன் ரேஷன் கார்டை எடுத்து வச்சிட்டுப் போவானா?"

அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீசுல மாட்டிப்போம்னு வச்சிட்டுப் போயிருப்பான்."

"இருக்கலாம். இல்லேன்னா, தான் திரும்ப வரப்போறதில்லைன்னு நினைச்சவனா இருக்கலாம். பருத்திப்பட்டுல பெரிய ஏரி இருக்கு."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும், முன்னால் போன மாட்டு வண்டியை மண் தரையில் இறங்கித் தாண்டினான்.

"ஒண்ணு மட்டும் சந்தோசம்க்கா," என்றான் கொஞ்ச தூரம் போனதும். "அய்யாசாமி எழுதுனது நல்லதுதான்னு தெரிஞ்சிடுச்சு. அதச் சொன்னாப் போதும், அவன் மனசு ஆறிடும்."

"எழுதினது நல்லதுதான்." எழுதினது என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் நின்றதை அவன் கவனித்தான். "ஆனா நீ எதுவும் சொல்லாதே. அவர் வாயால வரணும்."

பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, கரை வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கரைக்கு எதிரே வரிசையாக நாலைந்து ஓட்டு வீடுகள். கடைசி வீட்டின் கதவும் ஜன்னலும் பட்டப்பகலில் சாத்தியிருந்தன. அந்த வீட்டைப் பார்த்தபடி, ஏரிக்கு முதுகு காட்டிக் கரைமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி. மடியில் துணிப் பை.

"உயிரோட கீறான்," என்றான் துலுக்கானம்.

"நீ போய்ப் பேச்சுக் குடு. நான் அந்தக் கதவைத் தட்டறேன்."

துலுக்கானம் கரையேறி, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தான். பீடிக் கட்டை நீட்டினான். வேலுசாமி வாங்கிக்கொள்ளவில்லை.

"நாகவல்லி அனுப்பிச்சுது," என்றான் துலுக்கானம்.

வேலுசாமியின் தாடை அசைந்தது. "எப்படிக் கீது?"

"நீ கொலகாரனாயிட்டியோன்னு அழுதுகினு கீது."

"ஆயிட்டேன்னுதான் நானும் நெனைக்கறேன்," என்றான் வேலுசாமி.

துலுக்கானம் நீட்டிய பீடிக் கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மேல கேபின்லருந்து எனக்கு முழுசாத் தெரியாது," என்றான் வேலுசாமி. வீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கயிறு நழுவுச்சு. வாளி சாஞ்சுது. நான் லீவர இழுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தேன், சரியா இழுத்தேனா, ஒண்ணும் நெனப்பு இல்ல. கீழ பாத்தா சம்பத்து. அய்யாசாமி அண்ணன் ஒருத்தருதான் கீழருந்து பாத்தாரு. அவரு பொய் எழுத மாட்டாரு. படுமோசம்னு எழுதிக்கீறாருன்னா, நான்தான சம்பத்தக் கொன்னிருக்கேன்? அதத்தான் கேக்க வந்தேன். நேத்துலேர்ந்து இங்கதான் உக்காந்துகினு கீறேன். எழுந்து போய்க் கேக்கக் காலு வரல."

"கேட்டு, ஆமான்னு சொல்லியிருந்தா?"

வேலுசாமி ஒரு முறை திரும்பி ஏரியைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கரையில் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போதே சொல்லிவிடலாமா என்று துலுக்கானத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. மந்தை, ராஜா, நாற்றம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டான். வீட்டு வாசலில் வசந்தகுமாரி கதவில் வாயை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"வா, நைனா," என்றான். வேலுசாமியின் கையைப் பிடித்துத் தூக்கினான். "காலு வரலன்னா நான் இழுத்துகினு போறேன்."

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை நிறையப் புத்தகங்கள். அய்யாசாமி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். நன்றாக வளர்ந்த மனிதர். ஒரு நாளாக அடைபட்டுக் கிடந்ததில் சட்டை கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. வேலுசாமியையும் அவன் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பையில என்ன வச்சிருக்கான்?" என்று துலுக்கானத்தைக் கேட்டார்.

துலுக்கானம் பையை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்தான். ஒரு வேட்டி, ஒரு துண்டு, டிஸ்மிஸ் ஆர்டர்.

அய்யாசாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நேற்று மாலையிலிருந்து ஒருவருக்கொருவர் பயந்து, நடுவில் ஒரு மண் ரோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் விழித்திருந்திருக்கிறார்கள்.

"வேலு, நான் உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் எழுதினேன்," என்றார். மேஜையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ்–தமிழ் அகராதியை எடுத்தார். தாள் பழுத்துப் போயிருந்தது. "இந்தாங்கம்மா, நீங்களே பாருங்க. இதை வச்சுத்தான் நான் இங்கிலீஷ் படிச்சேன். எட்டாம் கிளாஸோட நின்னவன். மூர் மார்க்கெட்டுல நாலணாவுக்கு வாங்கினது."

வசந்தகுமாரி உரக்கப் படித்தாள். "எக்ரீஜியஸ். மேன்மையான. கூட்டத்திற் சிறந்து விளங்குகிற."

வேலுசாமி அவள் வாயையே பார்த்தான். "அப்படின்னா?"

"உன்னை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்லைன்னு எழுதினேன்டா," என்றார் அய்யாசாமி. "கம்பெனி உனக்கு மரியாதை செய்யணும்னு எழுதினேன். ஒரு வார்த்தை காலை வாரிடுச்சு."

துலுக்கானம் பெரிதாக மூச்சு விட்டான். "ஒரு வார்த்தைக்கா இந்த அலைச்சல். அண்ணாத்தே, இனிமே தமிழ்ல திட்டு, தமிழ்லயே புகழு. எங்களுக்கும் பெட்ரோல் மிச்சம்."

வசந்தகுமாரி கைப்பையிலிருந்து இரண்டு கார்பன் நகல்களை எடுத்துக் கட்டிலில், அய்யாசாமிக்கு அருகில் வைத்தாள்.

"வார்த்தை ஒரு நாள்தான் காலை வாரிச்சு," என்றாள். "ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மேனேஜரை எக்ரீஜியஸ்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு வரைக்கும் உங்களுக்கு அர்த்தம் தெரியாது. அதுல சந்தேகமே இல்லை. இருபத்தி மூணு விசாரணை. இருபத்தி நாலு காலையில கடை திறக்கும் முன்னாடி போய் நின்னு, மேனேஜர் லெட்டர்ல அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னீங்க."

அய்யாசாமி தாள்களைத் தொடவில்லை.

"அப்ப இருபத்தி நாலாம் தேதியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. முதல் வேலையா மேனேஜருக்கு எழுதினதை மாத்தினீங்க. வேலுசாமியைப் பத்தி எழுதினதை மாத்தப் போகலை. அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் டிஸ்மிஸ் ஆர்டர் வந்திருக்கு."

துலுக்கானம் தன் கையை வேலுசாமியின் தோளில் வைத்தான். தடுக்கவா தாங்கவா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தத் தோள் அசையவே இல்லை.

அய்யாசாமி வசந்தகுமாரியிடமிருந்து அகராதியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"விசாரணையில அவர் படுமோசம்னு தமிழ்ல சொன்னதும் எனக்குத் தலை சுத்திடுச்சு. அவர் பி.ஏ., பி.எல். அவர் சொல்றது சரியா, நான் படிச்சது சரியான்னு எனக்கே தெரியலை. வீட்டுக்கு வந்து மகளோட காலேஜ் அகராதியை எடுத்துப் பார்த்தேன். அதுல அவர் சொன்னதுதான் இருந்தது." அவர் தன் பழைய அகராதியின் கிழிந்த அட்டையை விரலால் நீவினார். "அந்த ஃபேக்டரியில என் பேர் இங்கிலீஷ் அய்யாசாமி. லீவு லெட்டர்லேருந்து பொண்ணுக்கு வேலை அப்ளிகேஷன் வரைக்கும் எங்கிட்ட வந்து எழுதி வாங்கிட்டுப் போவாங்க. ரிடையர் ஆக ஒரு வாரம் இருக்கு. எனக்கு அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்னு எப்படிம்மா போய்ச் சொல்லுவேன்? சஸ்பெண்ட் பண்ணி விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை. போனப்புறம் சொல்றதுக்கு இன்னும் வெட்கமாயிடுச்சு."

"அந்த ரூம்ல நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன், அண்ணே," என்றான் வேலுசாமி.

அய்யாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

கோபம் வரும் என்று துலுக்கானம் காத்திருந்தான். வந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தான். வேலுசாமி தரையில், அய்யாசாமியின் காலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"அது இருக்கட்டும். சம்பத்து எப்படிச் செத்தான்? கீழருந்து நீங்க பாத்தத சொல்லுங்க. ஒண்ணும் வுடாம சொல்லுங்க."

அய்யாசாமி சொன்னார். முதலில் திக்கித் திக்கி, பிறகு நேராக. வாளி சாய்ந்தபோது அதற்கு நேர் கீழே பதினோரு பேர் அச்சுகள்மேல் குனிந்து வேலையாக இருந்தார்கள்; அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிரேன் ஆடியதில் கேபின் கண்ணாடி உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏணியில் இறங்கி ஓடியிருப்பார்கள். வேலுசாமி இறங்கவில்லை. லீவரை இழுத்து, வாளியைக் காலியாக இருந்த குழிப்பக்கம் திருப்பினான். குழிப்பக்கம் யாரும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்த சம்பத், சத்தம் கேட்டு, தூணுக்குப் பின்னாலிருந்து நேராக அந்தக் குழிப்பக்கம் ஓடி வந்தான்.

"மேலேருந்து பார்த்தா அந்தத் தூண் மறைக்கும். கடவுளே கேபின்ல உக்காந்திருந்தாலும் அவனைப் பார்த்திருக்க முடியாது. நீ சரியான பக்கம்தான் இழுத்தே, வேலு. பதினோரு பேர் சாயங்காலம் வீட்டுக்குப் போனாங்க."

வேலுசாமி இரண்டு உள்ளங்கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான். சத்தம் இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. துலுக்கானம் ஜன்னலைத் திறக்கப் போகிறவன்போல் திரும்பிக்கொண்டான்.

வசந்தகுமாரி மேஜையில் ஒரு இடம் ஒதுக்கி, வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தாள். "இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க. ஆகஸ்ட் இருபத்தி நாலாம் தேதி என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க. லேபர் கோர்ட்டுல கூப்பிட்டா வந்து சொல்லணும்."

"இங்கிலீஷ்லயாம்மா?"

"தமிழ்ல."

அவர் பேனாவை எடுத்து, எழுதாமல் வைத்திருந்தார். "எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்," என்றாள் வசந்தகுமாரி.

எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அய்யாசாமி எழுந்து வேலுசாமியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலுசாமி வேட்டியையும் துண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அய்யாசாமியைக் கடைசியாகப் பார்த்தது துலுக்கானம்தான். அவர்மேல் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. யோசித்துப் பார்த்தால், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு அவனும் எத்தனையோ சவாரியைத் தப்பான தெருவில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். ஆனால் அதில் யாருக்கும் இப்படி ஆனதில்லை.

ஆட்டோவில் வசந்தகுமாரி ஒளிக்காமல் சொன்னாள். "உடனே வேலை கிடைச்சுடாது, வேலுசாமி. கேஸ் போடணும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு ஆகலாம். ஆனா இந்தத் தாள் நிக்கும்."

"சரிங்க."

"வீட்டுல நாகவல்லி பயந்துட்டிருக்கா."

"தெரியும்." வேலுசாமி முன்பக்கம் குனிந்தான். "அண்ணாத்தே, அம்பத்தூர் போறதுக்கு முன்னால, திருமுல்லைவாயல்ல ஒரு தெருவுல திரும்பணும். அது சம்பத்து ஊடு. சாவுக்குப் போனப்ப மூஞ்சியக் காட்ட முடியாம வெளியவே நின்னுட்டு வந்துட்டேன். அப்பறம் போகவே இல்ல."

துலுக்கானம் கண்ணாடியில் வசந்தகுமாரியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

குறுகலான தெரு. மழைத் தண்ணீர் நடுவில் தேங்கியிருந்தது. வேலுசாமி காட்டிய வீட்டுக்கு முன்னால் துலுக்கானம் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். சம்பத்தின் தாய். ஆட்டோவிலிருந்து இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டவனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வேலுவா?"

அவன் தலையாட்டினான்.

"மூணு மாசமா இந்தத் தெருவுல எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் நீயான்னு எட்டிப் பாத்துகினு கீறேன்," என்றாள் அந்த அம்மாள். "அவன் கடைசியா இன்னா பேசுனான், இன்னா சாப்ட்டான், யாராண்ட கேப்பேன் நான்? உன் கூடத்தான சாப்புடுவான்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

வேலுசாமி தண்ணீரைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எலுமிச்சம்பழச் சோறும்மா," என்று ஆரம்பித்தான்.